தானா நிக்கிற வண்டி

"இனிமே என் வண்டியில பிரேக்கு போடுற ஆளு நான் ஒருத்தன்தான்!"

செங்குட்டுவன் இந்தச் சபதத்தைப் போட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ராயபுரம் கல்மண்டபம் சிக்னலுக்குப் பக்கத்தில், ரோட்டோரமாக நின்றுகொண்டு. எதிரில் அவன் பெண்டாட்டி ரமாபாய் ஒரு காலில் மட்டும் செருப்போடு நின்றாள். இன்னொரு செருப்பு நடுரோட்டில் அப்பளமாகக் கிடந்தது. மணலிக்குப் போகிற டேங்கர் லாரி ஒன்று அப்போதுதான் அதன்மேல் ஏறி இறங்கிப் போயிருந்தது.

செருப்பு காருக்குள்ளிருந்துதான் ரோட்டுக்குப் போனது. கதவு வழியாக இல்லை. தரை வழியாக.

காரின் இடதுபக்க சீட்டில் உட்கார்ந்தால் ரமாபாய்க்குக் கால் சும்மா இருக்காது. முன்னால் சைக்கிள் வந்தால் தரையை மிதிப்பாள். மாடு வந்தால் இரண்டு காலாலும் மிதிப்பாள். வாய் தனியாக வேலை செய்யும். "புடி! புடி! யோவ், புடிய்யா!" பதினோரு வருஷமாக, பிரேக் இல்லாத இடத்தில் பிரேக் போட்டுக்கொண்டே வந்தவள். காரோ பழைய பியட். கடற்காற்றில் உப்பு குடித்துக் குடித்துத் துருவேறிய உடம்பு. அன்றைக்கு ஒரு பொடியன் பந்தைத் துரத்திக்கொண்டு குறுக்கே ஓடி வர, ரமாபாய் மிதித்த மிதியில் தகரம் பிளந்து, கால் கெண்டைச்சதை வரைக்கும் வெளியே போய்விட்டது. கால் திரும்பி வந்தது. செருப்பு வரவில்லை.

வண்டியும் நின்றது. பொடியனும் பந்தை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டான். யாரால் நின்றது என்பதில்தான் சண்டை.

"நான் புடிச்சேன்மே, நின்னுச்சு."

"நான் கத்துனேன், நீ புடிச்ச. அந்தப் புள்ளைய நீ பாத்தியா?"

"பாக்காமயா புடிச்சேன்?"

"இன்னா கலர் சொக்கா போட்டிருந்தான், சொல்லு."

செங்குட்டுவன் மார்பை நிமிர்த்தினான். சபதம் போட்டான்.

அவனையும் முழுசாகக் குற்றம் சொல்ல முடியாது. துறைமுகத்தில் இருபத்திரண்டு வருஷமாகக் கிரேன் ஓட்டுகிறவன். நாலு மாடி உயரத்துக் கூண்டில் உட்கார்ந்து, இருபது டன் பெட்டியைக் கப்பலிலிருந்து தூக்கி, நெற்றியில் பொட்டு வைக்கிற மாதிரி லாரிமேல் வைப்பான். அந்த உயரத்துக்குப் பழகிய கண் அது. எண்ணூர்ப் பக்கம் திரும்புகிற லாரி ராயபுரத்திலிருந்தே தெரியும். பம்பருக்கு முன்னால் போகிற கோழி தெரியாது. கிரேனுக்குக் கீழே நின்று கையை ஆட்டி ஆட்டி வழி சொல்ல ஜஹாங்கீர் என்று ஒரு சிக்னல்மேன் இருந்தான். ரோட்டில் அந்த வேலையை ரமாபாய் செய்தாள். அவள் செய்தால் இவனுக்குக் கோபம் வந்தது.

"ஆர்பர்ல ஜஹாங்கீர் பாய் சொன்னா மட்டும் கேக்குற?" என்பாள்.

"அவன் கை காட்டுவான். கத்த மாட்டான்."

இமயமலை வரைக்கும் போய் ஜெயித்த ராஜாவின் பேரை அப்பா ஆசையாக வைத்திருந்தார். இந்த ராஜாவுக்குத் திருவொற்றியூரிலிருந்து பாரிமுனை வரைக்கும்கூட நிம்மதியாகப் போய்வர வாய்க்கவில்லை.

பியட்டைத் தலைமுழுகிய மறுவாரம் அவன் ஒரு யோசனையோடு வந்தான். கார் ஏற்றிப் போக வந்த கப்பலில் ஒரு பிலிப்பைன்ஸ்கார எலக்ட்ரீஷியன். அவன் பாஷை இவனுக்குத் தெரியாது. இவன் பாஷை அவனுக்குத் தெரியாது. டீ குடித்துக்கொண்டே முக்கால்வாசி கையால் பேசினார்கள். ஜப்பானில் ஒரு வண்டி இருக்கிறதாம். பேர் ஹைபிரிட். பெட்ரோலிலும் ஓடும், பேட்டரியிலும் ஓடும். வண்டி நின்றால் இன்ஜின் தானாக அடங்கிவிடும். அங்கே சில கார்களில் இன்னொரு அதிசயமும் உண்டாம். முன்னால் ஏதாவது வந்தால், ஓட்டுகிறவன் கால் வைப்பதற்குள் வண்டியே பிரேக் போட்டுக்கொள்ளும்.

"அந்த மாதிரி வண்டிதான் வாங்கப் போறேன்," என்றான் இட்லியை வடகறியில் தோய்த்துக்கொண்டே. "வண்டியே பிரேக்கு போட்டுக்கினா ஒனக்கு இன்னா வேல? கம்முனு குந்திக்கினு வா."

ரமாபாய் இட்லித் தட்டை வைத்துவிட்டு யோசித்தாள்.

"ஏதாச்சும் குறுக்க வந்தா நின்னுடுமா?"

"நின்னுடும்."

"நீ பாக்காட்டியும்?"

"நான் ஏன்மே பாக்காம இருக்கப் போறேன்?"

"நின்னா நல்லதுதான்யா," என்றாள். "வாங்கு."

இவ்வளவு சுலபமாக அவள் சம்மதித்து அவன் பார்த்ததில்லை. இன்னும் இரண்டு இட்லி சாப்பிட்டான்.

இரண்டு பேருமாகத் தண்டையார்பேட்டை மெக்கானிக் பஷீரிடம் போனார்கள். பஷீர் முழுக் கதையையும் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"அண்ணாத்த, நீ சொல்றதெல்லாம் சீமையில கீது. நம்மூருக்கு வர இன்னும் எத்தினியோ வருசம் ஆவும். இங்க பெட்ரோல்லயும் கேஸ்லயும் ஓடுற வண்டி கீது. அதுவும் ரெண்டு, இதுவும் ரெண்டு. ஹைபிரிட்டுனு வெச்சுக்கயேன்."

"தானா பிரேக்கு போடுறது?"

"அது கஷ்டம் அண்ணாத்த," என்று பஷீர் தலையைச் சொறிந்தான்.

செங்குட்டுவனுக்குப் பின்னால் நின்றிருந்த ரமாபாய் தொண்டையைக் கனைத்தாள். பஷீர் அவளைப் பார்த்தான். சொறிந்த கை தலையிலேயே நின்றது.

"கஷ்டம்னுதான் சொன்னேன். முடியாதுனு சொல்லல. பத்து நாளு டைம் குடு."

பத்தாம் நாள் ஒரு வெள்ளை மாருதி வாசலில் வந்து நின்றது. புதுப் பெயின்ட். டிக்கியில் கேஸ் டாங்க். டாஷ்போர்டில் பெட்ரோலுக்கும் கேஸுக்கும் மாற்றிக்கொள்ள ஒரு சுவிட்ச். கூரையில் மட்டும் ஏதோ இருந்து கழட்டிய மாதிரி நாலு ஓட்டைகளை அடைத்திருந்தார்கள். "இது இன்னாடா?" என்று செங்குட்டுவன் கேட்டான். "முன்னாடி வெச்சிருந்தவங்க போர்டு கீர்டு மாட்டியிருப்பாங்க அண்ணாத்த," என்றான் பஷீர், அவன் முகத்தைப் பார்க்காமல்.

ஏறுவதற்கு முன்னால் செங்குட்டுவன் ஒப்பந்தம் பேசினான்.

"இந்த வண்டியில நீ வாயத் தொறக்கக் கூடாது. புடி, பாரு, மெதுவா, அய்யய்யோ, ஒண்ணும் கூடாது."

"தொறக்கல. ஆனா எடது பக்கம் என் எடம். என் காலாண்ட என் வயர் கூடை இருக்கும். அத யாரும் தொடக் கூடாது, நகத்தக் கூடாது, எட்டிப் பாக்கக் கூடாது."

"ஒன் கூடைய எட்டிப் பாத்து எனக்கு இன்னா ஆவப் போவுது?" என்று ராஜ்ஜியத்தையே தானம் பண்ணுகிற தோரணையில் ஒப்புக்கொண்டான்.

முதல் பயணம் எண்ணூர் விரைவுச் சாலையில். ரமாபாய் புடவையைக் கால்வரைக்கும் பரத்திவிட்டுக்கொண்டு, உதட்டைத் தைத்த மாதிரி உட்கார்ந்திருந்தாள். அந்த அமைதி செங்குட்டுவனுக்குத் தென்றல் மாதிரி இருந்தது. தூரத்தில் நங்கூரம் போட்டு நின்ற ஒரு கப்பலைக் காட்டி, அது எந்த ஊர்க் கப்பல் என்று விளக்கிக்கொண்டிருந்தபோது, சந்திலிருந்து ஒரு மூன்று சக்கர மீன்பாடி வண்டி சர்ரென்று குறுக்கே வந்தது.

அவன் காலைத் தூக்கவேயில்லை. அதற்குள் பிரேக் பெடல் தானாக உள்ளே இறங்கியது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. இன்ஜினும் அடங்கியது.

செங்குட்டுவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"பாத்தியாமே! நான் கால வெக்கல! பெடலு தானா உள்ள போவுது! இன்ஜினும் ஆஃப் ஆயிடிச்சு பாரு! கப்பல்காரன் இதேதான் சொன்னான்!"

ரமாபாய் கடலைப் பார்த்துக்கொண்டு, "ம்" என்றாள்.

அங்கேயே வண்டியை ஓரங்கட்டி பஷீருக்குப் போன் போட்டான்.

"பஷீரு! நின்னுச்சுடா!"

"எது அண்ணாத்த?"

"வண்டிடா! தானா!"

பஷீர் குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணி பக்கத்துல கீறாங்களா?"

"கீறா."

"அப்ப நிக்கும் அண்ணாத்த," என்றான் பஷீர்.

அடுத்த ஒரு மாசம் செங்குட்டுவனின் பொற்காலம். வண்டி நாய்க்கு நின்றது. ஸ்கூல் பிள்ளைகளுக்கு நின்றது. எண்பதைத் தொட்டால் தானாக ஐம்பதுக்கு இறங்கியது. நிற்கும்போதெல்லாம் இன்ஜின் அடங்கியது. அவனும் பயபக்தியோடு மறுபடி சாவியைத் திருப்பினான். சில சமயம் எதுவும் குறுக்கே வராமலும் நின்றது. காசிமேட்டில் நண்டு விற்கிற இடத்துக்கு நேராக ஒரு தடவை. பூக்கடைக்கு எதிரில் மூன்று தடவை. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு புடவைக் கடை வாசலில் நின்றது, நகர்த்தினான், மறுபடி நின்றது.

"ஜரிகை மின்னுதுல்ல? ஏதோ குறுக்க வருதுனு மிஷினு பேஜாராயிடிச்சு," என்று அவனே சமாதானம் சொன்னான்.

"நின்னது நின்னுடிச்சு, ஒரு பொடவ பாத்துட்டு வந்துடுறேன்," என்று ரமாபாய் இறங்கினாள்.

துறைமுகம் முழுக்க அவன் வண்டிப் பேச்சுதான். நம்பாதவன் ஜஹாங்கீர் மட்டும். இருபது வருஷத் தோஸ்து.

"மாமு, காதுல பூ சுத்தாத. மாருதியில ஏதுய்யா தானா பிரேக்கு?"

"ஏபிஎஸ் பிரேக்குனு கேள்விப்பட்டிருக்கியா? அதுக்கும் மேல இது."

"ஏபிஎஸ் ஒன் பழைய வண்டியிலயே இருந்துச்சே. ஏ-ன்னா அய்யோ, பி-ன்னா பிரேக்கு, எஸ்-ன்னா சீக்கிரம்! எடது பக்கம் குந்திக்கினு அண்ணி சொல்லுவாங்களே."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். செங்குட்டுவனுக்குச் சுருக்கென்றது.

"வர்ற வெள்ளிக்கெழம மத்தியானம் வா. ஒன் கண்ணால பாரு."

அந்த வெள்ளிக்கிழமை ரமாபாய் வியாசர்பாடியில் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தாள். செங்குட்டுவனுக்கு அது வசதியாகவே பட்டது. ஜஹாங்கீர் முன் சீட்டில் ஏறப் போனான்.

"அங்க வாணாம். ரமா கூடை கீது. தொடக் கூடாதுனு அக்ரிமென்ட்டு. நீ பின்னாடி குந்து."

ஜஹாங்கீர் பேருக்கேற்றபடி பின் சீட்டில் பாதுஷாவாகச் சாய்ந்துகொண்டான். காத்திவாக்கம் கடலோரம் வரைக்கும் போனார்கள். மணல் பரந்த திறந்த இடம். ஆள் நடமாட்டம் இல்லை. நடுவில் ஒரு நீல பிளாஸ்டிக் டிரம் தனியாக நின்றது.

"அந்த டிரம்முக்கு நேரா உடுறேன். இடிக்கிறதுக்கு ஒரு அடி முன்னாடி நிக்கும். பாத்துக்க."

"மாமு, எதுக்கும் கால பிரேக்குமேலயே வெச்சுக்க."

"கால வெச்சா டெஸ்ட்டு எப்படிடா ஆவும்?"

இரண்டாவது கியரில் வண்டியை மெதுவாக உருட்டிவிட்டான். இரண்டு காலையும் தூக்கி சீட்டின்மேல் சம்மணம் போட்டுக்கொண்டான். வண்டி அமைதியாகப் போனது. டிரம் பெரிசாகிக்கொண்டே வந்தது.

"மாமு…"

"நிக்கும்."

"மாமு, டேய்!"

"இப்ப நிக்கும் பாரு. இதோ. இப்ப!"

டமார்.

வண்டி நின்றது என்னவோ உண்மை. டிரம் கவிழ்ந்த பிறகு நின்றது. டிரம் காலியும் இல்லை. ஐஸ் தண்ணீரும் இறாலுமாகக் கண்ணாடிமேல் அபிஷேகம் ஆயிற்று. வைப்பரைப் போட்டான். ஒரு இறால் வைப்பரோடு இப்படியும் அப்படியும் போய் வந்தது.

படகு மறைவில் வலை சரிபார்த்துக்கொண்டிருந்த கெங்கம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு ஓடி வந்தாள். அந்த டிரம்முக்குச் சொந்தக்காரி.

"யோவ்! கண்ணு கீதா இல்ல புண்ணு கீதா? இம்மாம்பெரிய எடத்துல ஒனக்கு என் டிரம்முதான் கெடச்சுதா?"

"தானா நிக்கும்னு நெனச்சேம்மா…"

"அது தானா நின்னுக்கினுதான்யா இருந்துச்சு! நீதான் வந்து சாச்ச!"

"டிரம்ம சொல்லலம்மா. வண்டிய…"

"வண்டி எப்படிய்யா தானா நிக்கும்? கால எங்க வெச்சிருந்த?"

செங்குட்டுவன் இன்னும் சம்மணம் போட்டே உட்கார்ந்திருந்தான். கெங்கம்மா ஜன்னல் வழியாகக் குனிந்து அதைப் பார்த்தாள். "சோத்தத்தான துன்ற?" என்று மட்டும் கேட்டாள்.

ஒரு மணி நேரம் தோஸ்துகள் இரண்டு பேரும் குனிந்து மணலிலிருந்து இறால் பொறுக்கினார்கள். துறைமுகத்தின் முதல் தரக் கிரேன் ஆப்பரேட்டர், அவனுக்குச் சிக்னல் காட்ட கெங்கம்மா. "அந்தாண்ட ஒண்ணு. ஒன் காலுக்குக் கீய. கீய பாருய்யா! தூரமா பாக்குற?" கழுவி எடுத்ததில் முக்கால்வாசி தேறியது. தேறாததை அவன் தலையில் கட்டி, ஒரு பையில் போட்டுக் கொடுத்து, விலையையும் வாங்கிக்கொண்டுதான் விட்டாள்.

பையை வைக்க ஜஹாங்கீர் முன் கதவைத் திறந்தான். இடித்த வேகத்தில் வயர் கூடை சாய்ந்து கிடந்தது. குனிந்தவன் நிமிரவில்லை.

"மாமு, ஒன் வண்டியில எத்தினி பிரேக்கு?"

"ஒண்ணு."

"வந்து எண்ணிப் பாரு."

கூடை இருந்த இடத்தில், தரையில் விரித்த மிதியடிக்குப் பின்னால், தேய்ந்து பளபளத்த ஒரு பிரேக் பெடல் இருந்தது. ஜஹாங்கீர் கையால் அதை அமுக்கினான். வலது பக்கத்துப் பெடலும் கூடவே பணிவாக உள்ளே இறங்கியது.

"டிரைவிங் ஸ்கூல் வண்டிடா இது," என்றான் ஜஹாங்கீர். "கத்துக்குடுக்குற மாஸ்டருக்கு வெச்ச பிரேக்கு. நீ கிளட்ச்ச மிதிக்காதப்ப இத அமுக்கினா இன்ஜினு ஆஃப் ஆவத்தான செய்யும்."

நண்டு, பூ, ஜரிகை எல்லாம் செங்குட்டுவன் கண்ணுக்கு முன்னால் வரிசையாக வந்து போயின.

வீட்டுக்குள் நுழைந்தபோது ரமாபாய் வந்துவிட்டிருந்தாள்.

"இறா வாசன வருது. வாங்கியாந்தியா?"

"ரமா! என்னிய ஒரு மாசமா முட்டாளாக்கிட்ட!"

அவள் பையை வாங்கி, மணலைப் பார்த்தாள். அவன் சட்டையைப் பார்த்தாள். புரிந்துவிட்டது.

"எங்க இடிச்ச?"

"டிரம்மு."

"ஆளுக்கு ஒண்ணும் இல்லயே?"

"இல்ல. பேச்ச மாத்தாத! அந்தப் பஷீரும் நீயும் கூட்டு!"

"ஆமா. தானா நிக்கிற வண்டிதான் வேணும்னு நீ கேட்ட. அவன் அலஞ்சு திரிஞ்சு புடிச்சாந்தான். நீ கத்தக் கூடாதுனு சொன்ன. நான் ஒரு வார்த்த பேசினேனா? இந்த ஒரு மாசத்துல நீ யாரு மேலயாச்சும் இடிச்சியா?"

"…இல்ல."

"நான் இல்லாம எத்தினி நாளு போன?"

"இன்னிக்கு ஒரு நாளுதான்."

ரமாபாய் இறாலைப் பாத்திரத்தில் கொட்டினாள்.

"செவப்பு சொக்கா," என்றாள். "அந்தப் பொடியன். கல்மண்டபத்துல. கண்ண மூடினா அந்தச் சொக்காதான்யா வருது. நீ நல்லா ஓட்டுவ. எனக்குத் தெரியாதா? ஆனா ஒனக்குக் கிட்டக்க பாக்கத் தெரியல. சொன்னா ஒனக்குக் கோவம். நான் வேற இன்னா பண்ணுவேன்?"

செங்குட்டுவன் வழி நெடுக யோசித்து வைத்திருந்த வசனங்கள் பத்துப் பன்னிரண்டு இருந்தன. அதையெல்லாம் விட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டான்.

"பொடவக் கடையாண்ட எதுக்குப் புடிச்ச? அங்க எந்தப் புள்ள குறுக்க வந்துச்சு?"

"அது பொடவைக்கு," என்றாள் ரமாபாய்.

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. அவளும் சிரித்தாள். இறால் தொக்கு அன்றைக்குப் பிரமாதம். பல்லில் மணல் நெறுநெறுத்ததை இரண்டு பேரும் கண்டுகொள்ளவில்லை.

ஆனாலும் ராஜா ராஜாதான். படுக்கும்போது புதுச் சபதம் ஒன்று பிறந்தது. அந்தப் பிரேக்கைக் கழட்டச் சொல்லக் கூடாது. இருக்கட்டும். ஆனால் அவள் கால் அதில் படுவதற்குள் தன் கால் படவேண்டும். ஒரு தடவைகூட அவளுக்கு வாய்ப்புக் கொடுக்கக் கூடாது.

மறுநாளிலிருந்து போட்டி தொடங்கியது. அவளை ஜெயிக்க வேண்டுமென்றால் அவளுக்கு முன்னால் பார்த்தாக வேண்டும். பார்த்தான். பம்பரிலிருந்து பத்தடி, இருபதடி, இரண்டு பக்கச் சந்துகள். இத்தனை வருஷம் போய் வந்த ரோட்டில் இவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்பதே அவனுக்குப் புதுசாக இருந்தது. குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் லாரிக்கு ஓடுகிற பெண்கள். சங்கிலி கழன்ற சைக்கிளைக் குனிந்து பார்க்கிறவன். மூன்று காலால் ரோட்டைக் கடக்கிற நாய். ஒவ்வொன்றுக்கும் கால் முன்கூட்டியே பிரேக்குக்குப் போனது. இன்ஜின்கூட அடங்கவில்லை. ரமாபாய் வழக்கம்போல் கூடையைக் காலடியில் வைத்துக்கொண்டு வேர்க்கடலை தின்றபடி வந்தாள்.

இரண்டு வாரம் ஆயிற்று. ஒரு சாயங்காலம் தங்கசாலை சிக்னலில் சிவப்பு விழ, செங்குட்டுவன் கோட்டுக்கு ஒரு அடி முன்னால் வெண்ணெய் மாதிரி வண்டியை நிறுத்தினான். இதற்குமேல் அவனால் அடக்க முடியவில்லை.

"பதினஞ்சு நாளு ஆவுதுமே. ஒரு தடவயாச்சும் ஒன்ன பிரேக்கு போட உட்டேனா? ஒத்துக்க. தோத்துட்டேன்னு சொல்லு."

ரமாபாய் கடலைத் தொலியை ஊதிவிட்டு, குனிந்து கூடையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். செங்குட்டுவன் எட்டிப் பார்த்தான். மிதியடி இருந்தது. பெடல் இல்லை.

"எங்கமே?"

"மூணு நாளு பாத்தேன். என் காலுக்கு வேலயே இல்ல. நாலாம் நாளு பஷீர வரச் சொல்லி கழட்டிட்டேன். வூட்டு வண்டியில அது இருந்தா போலீஸ்காரன் கேப்பானாம்."

"அப்ப இத்தினி நாளு… இந்த வண்டியில… பிரேக்கு போடுற ஆளு…"

"நீ ஒருத்தன்தான். பச்ச போட்டு எம்மா நேரமாவுது, பின்னாடி பஸ்காரன் திட்றான், வண்டிய எடு."